இருமுறை தீக்குளித்த கிண்ணங்கள்: முரானோவின் தங்க ரேக்கும் எனாமலும்

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசில் செய்த எனாமல் கிண்ணம் ஒன்று கையில் கிடைத்தால், கண்ணாடி அறிந்தவர்கள் முதலில் அதன் முகப்பில் உள்ள ஓவியத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் பாதத்தின் அடியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே நடுவில் காசு அளவுக்குச் சொரசொரப்பான ஒரு வட்டத் தழும்பு இருக்கும். கிண்ணத்தை உருவாக்கும்போது அதைப் பிடித்துக்கொள்வதற்காக ஒட்டிய இரும்புக் கம்பியைத் தட்டி ஒடித்த இடம் அது. ஊதிச் செய்த கண்ணாடிப் பாத்திரங்கள் பெரும்பாலானவற்றில் அப்படியொரு தழும்பு உண்டு. எனாமல் தீட்டிய வெனிஸ் பாத்திரங்கள் சிலவற்றிலோ அதன் மேலேயே, சற்று விலகி, இரண்டாவது தழும்பும் இருக்கிறது. செய்து முடித்து, ஆறவைத்து, எடுத்துவைத்த பாத்திரத்தில் மறுபடியும் கம்பியை ஒட்ட வேண்டிய தேவை ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடை தேடினால், வெனிஸ் கண்ணாடி அலங்காரத்தின் தொழில்நுட்பம் முழுவதும் அதிலிருந்தே விரிகிறது.

கண்ணாடி ஊதும் வேலையின் அடிப்படை எளிதாகச் சொல்லக்கூடியது. மணலும் சாம்பல் உப்பும் உருகிக் கிடக்கும் பானைக்குள், ஆளுயரத்தை ஒட்டிய நீளமுள்ள இரும்பு ஊதுகுழலின் நுனியை விட்டுச் சுழற்றி எடுத்தால், தேன் குச்சியில் சுற்றிக்கொள்வதுபோல் கண்ணாடிக் குழம்பு சுற்றிக்கொண்டு வரும். அதைப் பளபளப்பான உலோகப் பலகையில் உருட்டிச் சீராக்கி, உள்ளே மூச்சை விட்டால் குமிழாகும். அதன் பிறகு அந்தக் குமிழைச் சூடாக்குவதும் சுழற்றுவதும் ஊதுவதும் இடுக்கியால் நெருக்குவதுமாக வேலை தொடரும். வெனிசை அடுத்த முரானோ தீவின் பட்டறைகளில் இதைத் தனியாள் செய்வதில்லை. 'பியாத்சா' என்று அவர்கள் அழைக்கும் குழுவின் தலைவர் 'மாஎஸ்த்ரோ'. 'ஸ்காஞோ' எனப்படும் கைப்பிடி நீண்ட மரப்பெஞ்சில் அவர் அமர்ந்திருப்பார். அவருக்குக் கண்ணாடி எடுத்துக் கொடுக்கவும், சூடேற்றவும், குழலில் ஊதவும் 'செர்வெந்தே' என்ற உதவியாளர் இருப்பார். கதவைத் திறந்து மூடவும் ஓடியாடவும் ஒரு சிறுவன் இருப்பான். 'பொர்செல்லே' எனப்படும் நீண்ட இடுக்கிதான் மாஎஸ்த்ரோவின் வலக்கை. இடக்கை குழலை உருட்டுவதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் குமிழ் தன் எடையில் தானே தொய்ந்துவிடும்.

தங்கம் சேர்வது இந்தக் கட்டத்தில்தான். நகைக்கடையில் பார்க்கும் தங்கமுலாமை இங்கே நினைத்துக்கொள்ளக் கூடாது. முழு வடிவம் பெறாத, இன்னும் கனலாக இருக்கும் குமிழின் மீது தங்க ரேக்கை, அதாவது மிக மெல்லிய தங்கத் தகட்டை, நேரடியாக ஒட்டுகிறார்கள். தங்கம் 1,064 டிகிரி செல்சியசில் உருகும். வேலைப் பதத்தில் இருக்கும் கண்ணாடியின் மேற்பரப்பு அதற்குச் சற்றுக் குறைவான வெப்பத்திலேயே இருப்பதால், ரேக்கு உருகாமல், பசை எதுவும் இல்லாமலே, பற்றிக்கொள்கிறது. காற்றுப்பட்டுக் கறுக்காத உலோகம் என்பது இன்னொரு வசதி; வெள்ளி ரேக்காக இருந்தால் இந்தச் சூட்டில் கண்ணாடியில் மஞ்சள் கறையை ஏற்றிவிடும். ஒட்டிய பின் குமிழை மேலும் ஊதினால் கண்ணாடி விரியும், ரேக்கு விரியாது. ஆகவே அது ஆயிரம் துணுக்குகளாகக் கிழிந்து, வறண்ட குளத்து மண்போல வெடித்து, பொன் தூவியதுபோல் பரவும். கிழியாத பட்டையாக வேண்டுமென்றால், குமிழ் ஏறக்குறைய முழு அகலத்தை அடைந்த பிறகே ரேக்கை ஒட்ட வேண்டும். எந்த நேரத்தில் ஒட்டுவது என்ற இந்த ஒரு முடிவிலேயே இரண்டு வேறு அலங்காரங்கள் பிறக்கின்றன.

வடிவம் முடிந்ததும் பாத்திரம் ஆற்றும் அறைக்குப் போகும். ஏறத்தாழ 500 டிகிரியிலிருந்து மெல்ல மெல்ல இறக்காவிட்டால், கண்ணாடியின் வெளிப்புறம் முந்தியும் உட்புறம் பிந்தியும் சுருங்கி, எங்காவது ஒரு நாள் தானே விரிசல் விட்டுவிடும். ஆறிய கிண்ணத்தை அடுத்ததாக எடுப்பவர் ஓவியர். அவர் கையில் முதலில் இருப்பது தூரிகைகூட இல்லை, ஊசிதான். பொன் பட்டையின் மீது அவர் ஊசியால் கீறி, தேவையற்ற பொன்னைச் சுரண்டி எடுத்து, மீன் செதில்களை அடுக்கியதுபோன்ற கோலத்தை வரைவார். அதன் பிறகு ஒவ்வொரு செதிலின் நடுவிலும் சிவப்பிலோ நீலத்திலோ பச்சையிலோ எனாமல் புள்ளி ஒன்றை வைப்பார். ஓரத்தில் முத்துக் கோத்ததுபோல் வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைப்பார். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஓடும் இந்தப் பொன் செதில் பட்டை, 1500-ஐ ஒட்டிய காலத்து வெனிஸ் கிண்ணங்களின் கையெழுத்து என்றே சொல்லலாம்.

எனாமல் என்பது வண்ணச் சாந்து அல்ல, அதுவும் கண்ணாடியே. ஈயம் கூடுதலாகச் சேர்த்ததால் குறைந்த சூட்டில் உருகும் வண்ணக் கண்ணாடியை மாவாக அரைத்து, நீரிலோ பிசினிலோ எண்ணெயிலோ குழைத்துத் தீட்டுகிறார்கள். கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், மாங்கனீசு ஊதாவையும், வெள்ளீய ஆக்சைடு ஒளி ஊடுருவாத வெண்மையையும் தருகின்றன. ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் மஞ்சள். தீட்டி முடித்த நிலையில் அது கையால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும் வெறும் தூள். அது கிண்ணத்தோடு ஒன்றாக வேண்டுமானால் மறுபடியும் நெருப்புக்குள் போயாக வேண்டும்.

இரண்டாவது தழும்பின் விடை இதுதான். ஓவியம் தீட்டிய கிண்ணத்தை ஆற்றும் அறையில் வைத்து மெல்லச் சூடேற்றி, அடியில் கம்பியை மீண்டும் ஒட்டி, உலையின் வாய்க்குள் நீட்டிச் சுழற்றினார்கள். உலையின் உள்ளே 1,000 டிகிரிக்கு மேல் தகிக்கும். எனாமல் தூள் உருகிப் பளபளப்பாகும் நொடிக்கும், கிண்ணமே இளகி வாய் கோணும் நொடிக்கும் இடையில் இருக்கும் சிறு இடைவெளியில் கிண்ணத்தை வெளியே இழுக்க வேண்டும். இளகிய வாயை இடுக்கியால் மறுபடி வட்டமாக்க வேண்டியும் வரும். அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் குடன்ராத், தாமே கண்ணாடி ஊதுபவர் என்பதால், பழைய பாத்திரங்களின் தழும்புகளையும் நெளிவுகளையும் படித்து, அதே போன்ற பாத்திரங்களை உலையில் செய்துபார்த்து இந்த வரிசையை விளக்கியிருக்கிறார். ஏட்டுச் சான்றுகளைவிட இந்த விஷயத்தில் கைச் சான்றே அதிகம் பேசுகிறது என்பது என் எண்ணம்; தொழில் இரகசியமாகக் காத்த ஒன்றை எழுதிவைக்க அன்றைக்கு யாருக்கும் அவசரம் இருந்ததில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சூடேறும்போது கண்ணாடி விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. கிண்ணத்தின் கண்ணாடியும் எனாமல் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிந்து சுருங்காவிட்டால், ஆறியபின் எனாமல் செதிலாகப் பெயர்ந்துவிடும், அல்லது கிண்ணத்தையே இழுத்து உடைத்துவிடும். விரிவு எண்களை அளக்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாகப் பாழாய்ப்போன பாத்திரங்களிலிருந்தே இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கலவைக் குறிப்புகளைக் குடும்பச் சொத்துபோலப் பூட்டிவைத்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

இந்த வித்தை வெனிசில் பிறந்தது அல்ல. புனித மாற்கு தேவாலயத்தின் கருவூலத்தில் பைசாந்தியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அடர்ந்த ஊதா நிறக் கண்ணாடியில், வட்டங்களுக்குள் பழங்கிரேக்கப் பாணி உருவங்களை எனாமலிலும் பொன்னிலும் தீட்டியது. அது பத்தாம், பதினோராம் நூற்றாண்டை ஒட்டியது. அதற்குப் பின் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் சிரியாவிலும் எகிப்திலும் மம்லூக் சுல்தான்களின் ஆட்சியில் பொன்னும் எனாமலும் சேர்ந்த மசூதி விளக்குகள் உச்சத்தை எட்டின. இறைவனின் ஒளியைக் கண்ணாடிக்குள் இருக்கும் விளக்குக்கு ஒப்பிடும் குர்ஆன் வசனத்தை விளக்கின் கழுத்திலேயே எழுதியிருப்பார்கள். உள்ளே சுடர் எரியும்போது எழுத்துகளே ஒளிரும். வெனிஸ் வணிகர்களுக்கு அந்தத் துறைமுகங்கள் சொந்தத் தெருவைப் போன்றவை. மரக்கலங்களில் மிளகோடும் பட்டோடும் கூட, கண்ணாடிக்குத் தேவையான கடற்கரைச் செடிகளின் சாம்பலும் உடைந்த கண்ணாடியும் வந்தன.

இங்கே அறிஞர்களை நெடுநாள் குழப்பிய பொருள் ஒன்றைச் சொல்ல வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 13 சென்டிமீட்டர் உயரமுள்ள மெல்லிய கண்ணாடிக் குவளை இருக்கிறது. அதன் விளிம்பை ஒட்டி, 'ஆசான் அல்ட்ரெவாந்தின் என்னைச் செய்தார்' என்று இலத்தீனில் எழுதியிருக்கிறது; கீழே ஜெர்மானியக் குடும்பங்களின் கேடயச் சின்னங்கள். எனாமலைக் குவளையின் வெளிப்புறத்தில் மட்டுமின்றி உட்புறத்திலும் தீட்டியிருப்பதுதான் இதன் விசேஷம்: வெளியே கோடு, உள்ளே நிறம், நடுவில் கண்ணாடிச் சுவர். இத்தகைய குவளைகளைச் சிலுவைப் போர்க்காலத்தில் சிரியாவில் ஐரோப்பியருக்காகச் செய்தவை என்றே ஒரு காலம் நம்பினார்கள். பிறகு வெனிஸ் ஆவணக் காப்பகத்தில், 1280-க்கும் 1350-க்கும் இடைப்பட்ட காலத்தில் முரானோவில் குவளைகளுக்கு ஓவியம் தீட்டிப் பிழைத்தவர்களின் பெயர்கள் கிடைத்தன. அவர்களில் ஒருவர் கிரேக்கத்தின் நாப்பிளியோனிலிருந்து வந்தவர், இன்னொருவர் இன்றைய குரோவேஷியாவில் உள்ள தல்மேஷியக் கரையின் ஜாரா நகரத்தவர். ஆக, குவளை முரானோவுடையது என்பதோடு, அந்தச் சிறு தீவு வெளியூர்க் கைகளால் நிரம்பியிருந்தது என்பதும் தெரியவந்தது.

முரானோ தீவுக்கு உலைகள் போன கதை பலரும் அறிந்ததே. 1291-இல் வெனிஸ் பெருமன்றம் நகருக்குள் இருந்த கண்ணாடி உலைகளை அகற்ற ஆணையிட்டது. மரவீடுகள் நெருங்கிய நகருக்குத் தீவிபத்து அச்சம் என்பது ஆணையில் சொன்ன காரணம். தொழிலாளர்களை ஒரே தீவில் கண்காணிப்பில் வைப்பதும் அரசுக்கு வசதியாகவே இருந்தது. ஊரைவிட்டு ஓடும் வினைஞர்களைத் தண்டிக்கும் சட்டங்களும் இருந்தன. ஆனாலும் ஓடியவர்கள் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

1400-இன் இறுதியிலும் 1401-இலும் தைமூர் சிரியாவைச் சூறையாடி, தமஸ்கசின் கைவினைஞர்களைச் சமர்கந்துக்கு இழுத்துப்போன பிறகு, அங்கே ஏற்கனவே தளர்ந்துகொண்டிருந்த எனாமல் கண்ணாடி மீண்டும் எழவில்லை. முரானோ அந்த இடத்தைப் பிடித்தது. எந்த அளவுக்கு என்றால், 1569-இல் உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சர் சொக்கொல்லு மெஹ்மெத் பாஷா மசூதி விளக்குகள் 900 வேண்டுமென்று வெனிசின் தூதர் மார்க்கந்தோனியோ பார்பரோ வழியாக, வரைபடத்தோடு, கேட்டனுப்பினார். கற்றுக்கொடுத்த ஊரே கற்றவனிடம் வாங்க வந்துவிட்டது.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் நடுவில்தான் ஆஞ்செலோ பரோவியேர் வருகிறார். 1450-ஐ ஒட்டி 'கிறிஸ்தால்லோ' என்ற நிறமற்ற கண்ணாடியை உருவாக்கியவர் என்று பெயர்பெற்றவர். சிரியாவிலிருந்து வந்த செடிச் சாம்பலை நீரில் கரைத்து, காய்ச்சி, வடிகட்டி, நீரைச் சுண்டவைத்து வெள்ளை உப்பாக எடுத்தார்கள். தீச்சீனோ போன்ற ஆறுகளின் வெள்ளைக் கூழாங்கற்களைச் சுட்டுப் பொடித்து அதனோடு சேர்த்தார்கள். எஞ்சிய இரும்பின் பசுமையை மாங்கனீசு கொண்டு போக்கினார்கள். கிடைத்தது பாறைப் பளிங்கை ஒத்த தெளிவு. ஆனால் வடிகட்டும்போது அழுக்கோடு சேர்ந்து, கண்ணாடியை உறுதியாக வைத்திருக்கும் சுண்ணாம்பும் மக்னீசியமும் பெருமளவு போய்விட்டன. அதனால் சில பாத்திரங்கள் இன்றும் காற்றின் ஈரத்தை வாங்கி வியர்க்கின்றன, நுண்விரிசல் விடுகின்றன. அருங்காட்சியகங்கள் அவற்றை ஈரப்பதம் கட்டுப்படுத்திய பெட்டிக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. அழகுக்காகக் கொடுத்த விலை ஐந்நூறு ஆண்டு கழித்தும் வசூலாகிறது.

முரானோவின் கண்ணாடி அருங்காட்சியகத்தில் பரோவியேர் கிண்ணம் என்று பெயர்பெற்ற நீலநிறத் திருமணக் கிண்ணம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் மணமகன், எதிர்ப்பக்கம் மணமகள், இருவரும் பதக்க வட்டங்களுக்குள்; இடைப்பட்ட இடங்களில், இளமை ஊற்றில் நீராடும் பெண்களும், அதை நோக்கிக் குதிரையேறிச் செல்லும் கூட்டமும். இதை ஆஞ்செலோ செய்ததாகச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் இறந்தது 1460-இல், கிண்ணத்தையோ 1460-70 அளவில் வைக்கிறார்கள். ஆகவே பட்டறையின் பெயர் என்று கொள்வதே நல்லது. ஓவியம் தீட்டியது யார் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் பெண்களாகவும் இருந்திருக்கலாம். 1440-களிலேயே எலேனா தே லௌதோ என்ற பெண் பரோவியேர் குடும்பப் பாத்திரங்களுக்கு எனாமல் தீட்டியதை ஆவணங்கள் காட்டுகின்றன. ஆஞ்செலோவின் மகள் மரியெட்டாவுக்கு 1487-இல் தனக்கென்று ஒரு சிறிய உலை வைத்துக்கொள்ள அரசு அனுமதி தந்தது. ஊதும் பெஞ்சில் பெண்களுக்கு இடமில்லாத தொழிலில், தூரிகையும் சிற்றுலையுமே அவர்கள் நுழைந்த வாசல்.

எனாமலுக்கு அன்று இவ்வளவு கிராக்கி இருந்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல என்று நினைக்கிறேன். ஊதுபவரால் எவ்வளவு அரிய வடிவத்தையும் தரமுடியும். ஆனால் வாங்குபவரின் பெயரைத் தரமுடியாது. எனாமல் தந்தது. 1492-இல் அலெஸ்ஸாந்த்ரோ பெந்திவோல்யோவுக்கும் இப்பொலித்தா ஸ்ஃபோர்ட்சாவுக்கும் நடந்த மணத்தோடு தொடர்புடைய இரண்டு குடுவைகள் பொலோஞாவில் உள்ளன, இரு குடும்பச் சின்னங்களோடு. பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயி, அரசி ஆன் ஆகியோரின் சின்னம் தாங்கிய தட்டு நியூயார்க்கில் இருக்கிறது; பாப்பரசர் பத்தாம் லியோவின் மெதிச்சிக் குடும்பச் சின்னம் தாங்கியவையும் உண்டு. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1530-களை ஒட்டி இரசனை மாறியது. கிறிஸ்தால்லோவின் தெளிவையும் மெலிவையும் மறைக்கும் வண்ணம் எதற்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். 1527-இல் செரேனா சகோதரர்கள் வெள்ளை நூல்களைத் திரித்துக் கண்ணாடிக்குள் ஓடவிடும் முறைக்குத் தனியுரிமை கேட்டார்கள். வைர நுனியால் கீறி வரையும் முறைக்கு 1549-இல் வின்சென்சோ தால் கால்லோ உரிமை பெற்றார். அகன்ற, மெல்லிய தட்டுகள் இரண்டாம் சூட்டைத் தாங்காதவை என்பதும் இதில் சேர்ந்துகொண்டது. சிலவற்றில் ஓவியத்தை நெருப்பில் வைக்காமல், வெறும் நெய்வண்ணமாகவே பின்புறத்தில் தீட்டிப் பொன்னும் ஒட்டினார்கள். அவற்றில் பலவற்றில் இன்று உதிர்ந்தது போகத் திட்டுத்திட்டாகத்தான் எஞ்சியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் எனாமல் வேறு வடிவில் திரும்பியது. இப்போது உலையின் வாய்க்குப் பதிலாக மூடிய சிறு சூளை. பாத்திரங்களை உள்ளே அடுக்கி, தீ நேரடியாகப் படாமல், மெதுவாக ஏற்றி இறக்கலாம். கம்பியும் வேண்டாம், இரண்டாம் தழும்பும் இல்லை. மியோத்தி குடும்பம் சீனப் பீங்கானைப் போன்ற 'லாத்திமோ' என்ற பால்வெள்ளைக் கண்ணாடியில் வெனிஸ் காட்சிகளைச் செம்பழுப்பு ஒற்றை நிறத்தில் தீட்டியது; 1741-இல் இங்கிலாந்தின் ஹொரேஸ் வால்போல் அப்படி 24 தட்டுகள் வாங்கிச் சென்றார். ஓஸ்வால்தோ புரூஸ்ஸாவின் குவளைகளில் வரும் பறவைகளும் பூக்களும் நாட்டுப்புறச் சாயல் கொண்டவை. நேர்த்தியில் குறைந்தவை என்றாலும், அரண்மனைத் தட்டுகளைவிட எனக்கு அவையே பிடிக்கும்.

1797-இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. சில ஆண்டுகளில் தொழிற்சங்கங்களும் கலைக்கப்பட்டன. முரானோ மீண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். 1859-இல் வழக்கறிஞரான அந்தோனியோ சால்வியாத்தி முதலில் மொசைக்குக்காகப் பட்டறை தொடங்கினார். 1861-இல் பாதிரியார் வின்சென்சோ சனெத்தியின் முயற்சியில் அருங்காட்சியகம் தோன்றியது. அங்கே சேர்த்த பழைய பாத்திரங்களைப் பார்த்துப் பார்த்து வினைஞர்கள் மறந்த முறைகளை மீட்டார்கள். பொன் செதிலும் எனாமல் முத்தும் திரும்ப வந்தன. அந்த நகல்களைப் பதினைந்தாம் நூற்றாண்டுப் பொருள்களாகவே நம்பி வாங்கியவர்களும் உண்டு.

இன்று முரானோக் கடைகளில் சிவப்பு, நீலக் கண்ணாடியில் பொன் பட்டையும் புடைத்த வெள்ளைப் பூக்களுமாக நிற்கும் கோப்பைகளை 'த்ரே ஃபுவோக்கி', அதாவது 'மூன்று தீ' வகை என்கிறார்கள். அலங்காரம் மூன்று முறை சூளைக்குப் போகிறது என்பது பொருள். இவற்றில் பெரும்பாலும் ரேக்குக்குப் பதிலாகத் தூரிகையால் பூசும் திரவப் பொன்னைப் பயன்படுத்துகிறார்கள். தங்கச் சேர்மத்தைக் கந்தகம் ஏற்றிய எண்ணெயில் கரைத்துச் செய்வது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மைஸ்சன் பீங்கான் ஆலையில் கண்டது. பழுப்புக் குழம்பாகத் தீட்டியது சூளையிலிருந்து கண்ணாடிபோலப் பளபளத்து வெளியே வரும். உள்ளூரில் செய்ததற்கு அடையாளமாக, வெனெத்தோ மாநில அரசு 1994-இல் சட்டம் இயற்றி உருவாக்கிய 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' முத்திரை ஒட்டியிருக்கும். இறக்குமதிப் போலிகள் மலிந்துபோனதால் வந்த ஏற்பாடு. இரவும் பகலும் அணையாமல் எரிய வேண்டிய உலைகளுக்கு 2021 இறுதியிலிருந்து எரிவாயு விலை ஏறியபோது, பல பட்டறைகள் உலையையே அணைத்துவைத்தன.

உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று கையில் இருந்தால் இரண்டு காலத்துப் பொன்னையும் பிரித்தறிந்துவிடலாம். தூரிகைப் பொன் விரிசல் இல்லாமல், ஒரே சீராக, தூரிகை நின்ற இடத்தில் மெல்லிய கரையோடு முடியும். மேற்பரப்பில் மட்டுமே நிற்பதால், உதடு படும் விளிம்பில் நாளடைவில் தேய்ந்து கீழிருக்கும் கண்ணாடியைக் காட்டும். பழைய ரேக்கில் கண்ணாடி விரிந்தபோது கிழிந்த நுண்பிளவுகள் தெரியும். செதிலின் ஓரத்தில் ஊசி வழுக்கிய கோடும், அதைச் சரிக்கட்ட ஓவியர் சற்றுப் பெரிதாக வைத்த நீலப் புள்ளியும் சில நேரங்களில் தெரியும்.